லேசர் துடிப்பால் காந்தத்துக்குள் எலெக்ட்ரானைப் பார்ப்பது: கொங்குப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டு, லேசரை வைத்துக் காந்தப் பொருள்களில் எலெக்ட்ரான் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த ஆசையோடு வருபவர்கள் முதலில் கேட்பது லேசரைப் பற்றித்தான்: எத்தனை வாட், என்ன விலை, எந்த ஊரில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கடுமையான ஒளிக்கற்றைக்கு இந்தச் சோதனையில் ஒரே ஒரு வேலைதான், காந்தத்தை ஓங்கித் தட்டுவது. அதன் பின்னாலேயே வரும் இன்னொரு மெலிந்த கற்றையின் தளவிளைவு (ஒளி அலை அதிரும் தளம்), ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு திரும்பியதா இல்லையா என்று நம்பிக்கையோடு சொல்வதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. அந்தத் திறமையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே, சாதாரண சிவப்பு டயோடு லேசரை வைத்து இப்போதே பழகிவிடலாம். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

விஷயம் என்ன என்று முதலில்

1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் எரிக் போர்பேர், ழான்-இவ் பிகோ உள்ளிட்ட நால்வர் 20 நானோமீட்டர் தடிமன் கொண்ட நிக்கல் படலத்தின் மேல் 60 ஃபெம்டோநொடி நீளமுள்ள லேசர் துடிப்பைப் பாய்ச்சினார்கள். ஒரு நொடியை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி பத்து லட்சத்தால் வகுத்தால் ஒரு ஃபெம்டோநொடி. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு பைக்கோநொடி. சூடு முதலில் எலெக்ட்ரானுக்கும், அதிலிருந்து அணிக்கோவைக்கும் (அணுக்கள் வரிசையாக அடுக்கிய சட்டகம்), அங்கிருந்து மெதுவாக ஸ்பின்களுக்கும் (காந்தத்தை உண்டாக்கும், எலெக்ட்ரானின் உள்ளார்ந்த கோண உந்தம்) போகும், எல்லாம் முடியப் பல பத்துப் பைக்கோநொடியாவது ஆகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். நிக்கலின் காந்தமாக்கமோ ஒரு பைக்கோநொடிக்குள்ளாகவே சரிந்தது. இந்தத் துறையே அந்த ஓர் அளவீட்டிலிருந்துதான் கிளம்பியது.

இதில் அதிசயம் வேகம் மட்டும் இல்லை. காந்தமாக்கம் என்பது எலெக்ட்ரான்களின் கோண உந்தம், அது குறைந்தால் வேறெங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும், துடிப்பில் இருக்கும் ஃபோட்டான்கள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போக அவற்றின் எண்ணிக்கை போதாது. இரும்புத் தண்டைக் காந்தமாக்கினால் தண்டே லேசாகச் சுழலும் என்று 1915-இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் காட்டியிருந்தார்கள். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 2019-இல், மெல்லிய இரும்புப் படலத்தில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவை அளந்து, ஸ்பின்கள் இழந்த கோண உந்தத்தில் சுமார் 80 சதவீதம் 200 ஃபெம்டோநொடி அளவிலேயே அணிக்கோவைக்குப் போய்விடுகிறது என்று ஒரு குழு காட்டியது. சூடான எலெக்ட்ரான்கள் தம் ஸ்பின்னையும் சுமந்துகொண்டு படலத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடிவிடுவதும் ஒரு வழி என்று 2010-இல் பட்டியாட்டோ, கார்வா, ஓப்பனியர் மூவரும் சொன்னார்கள். எந்தப் பொருளில் எந்த வழி எவ்வளவு என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, ஆகவே புதிதாக வருபவர்களுக்கு வேலை நிறையவே மிச்சம் இருக்கிறது.

இதைச் சொன்னதும் நம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: "ஏனுங்க சார், அவ்வளவு பலமான லேசர் பட்டா காந்தம் உருகிப் போயிடாதுங்களா?" நல்ல கேள்வி, காகிதத்தில் கணக்குப் போட்டே பதில் கண்டுபிடிக்கலாம். 15 நானோமீட்டர் நிக்கல் படலம் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஜூல் ஆற்றலை உள்வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எலெக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறன் மிகச் சிறியது, அதனால் அந்த ஆற்றல் அவற்றிடம் மட்டும் இருக்கும் முதல் சில பத்து ஃபெம்டோநொடிகளில் எலெக்ட்ரான் வெப்பநிலை ஆயிரம் கெல்வினைத் தாண்டிவிடும். பிறகு அதே ஆற்றல் அணிக்கோவையோடு பங்குபோடப்படும்போது மொத்தப் படலமும் சூடேறுவது 150 கெல்வின் சொச்சம்தான். அறை வெப்பநிலையோடு கூட்டினால் 450-ஐ ஒட்டி வரும். நிக்கலின் கியூரி வெப்பநிலை, அதாவது காந்தத்தன்மை போய்விடும் வெப்பநிலை, 627 கெல்வின், உருகுநிலை 1728 கெல்வின். ஆக, உருகாது. எலெக்ட்ரான் மட்டும் கொதிக்கும், அணுக்கள் அநேகமாக அப்படியே இருக்கும், அந்த விநோதமான இடைவெளியில்தான் நமக்கு வேண்டியது எல்லாம் நடக்கிறது.

பார்க்கும் முறை

இவ்வளவு வேகமாக நடப்பதைப் பதிவுசெய்ய எந்த மின்னணுக் கருவிக்கும் வேகம் பத்தாது. நூற்பாலையில் ஸ்பிண்டில் வேகத்தை ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்துப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது மில்லில் வேலை பார்த்தவர் சொல்லியிருப்பார்: நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் ஸ்பிண்டில், விளக்கின் மின்னல் ஒவ்வொரு முறையும் அதே நிலையில் அதைப் பிடிப்பதால் நின்றது போலத் தெரியும். இங்கும் அதே உத்திதான். பம்ப் துடிப்பு காந்தத்தைத் தட்டுகிறது, ப்ரோப் துடிப்பு குறிப்பிட்ட தாமதம் கழித்து வந்து ஒரே ஒரு கணத்தைப் பார்க்கிறது. காந்தம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால் முழு ஓட்டமும் கிடைத்துவிடும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் காந்தம் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் இது பலிக்கும் என்பதை மறக்காதீர்கள், ஒரு தடவை நடந்தால் திரும்பாத மாற்றத்துக்கு இந்த முறை உதவாது.

தாமதத்தை உண்டாக்குவது கண்ணாடிகளைத் தாங்கி நகரும் ஒரு மேடை. ஒளி ஒரு ஃபெம்டோநொடியில் 0.3 மைக்ரோமீட்டர்தான் போகும்; மேடைக்குள் போய்த் திரும்பி வருவதால் மேடையை 1.5 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் 10 ஃபெம்டோநொடி, 15 சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒரு நானோநொடி. நேரத்தை நீளமாக மாற்றிவிட்டோம், நீளத்தைத் துல்லியமாக அளக்க நமக்குத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ப்ரோப் எதைப் பார்க்கிறது? காந்தப்புலத்தில் உள்ள கண்ணாடி வழியே போகும் ஒளியின் தளவிளைவுத் தளம் திரும்புகிறது என்று 1845-இல் ஃபாரடே கண்டார். காந்தமான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் அதே மாதிரி நடக்கிறது என்று 1877-இல் ஜான் கெர் கண்டார். இரண்டாவதுதான் உலோகப் படலங்களில் நமக்கு உதவும் கெர் விளைவு. அளவு எவ்வளவு? மெல்லிய உலோகப் படலத்தில் கெர் திருப்பம் 0.1 டிகிரி என்று வைத்துக்கொண்டால், லேசர் தட்டியதில் காந்தமாக்கம் பத்தில் ஒரு பங்கு குறையும்போது நமக்குக் கிடைக்கும் மாற்றம் 0.01 டிகிரி. நம் சோதனையின் மொத்த உயிரும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

கல்லூரி மேசையிலேயே செய்யுங்கள்

சரி, 0.01 டிகிரியை அளக்கப் பழகுவோம். ஃபாரடே விளைவுதான் இதற்குச் சரியான பயிற்சிக் களம், ஏனென்றால் அங்கே எவ்வளவு திருப்பம் வர வேண்டும் என்பதை மின்னோட்டத்தை வைத்து நாமே தீர்மானிக்கலாம். பதில் தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது புதியவர்களுக்கு மிக நல்லது.

ஒரு சோலினாய்டு வேண்டும். இதற்காக வெளியூருக்கு ஆர்டர் போட வேண்டாம், கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார் வைண்டிங் கடை இல்லாத தெரு குறைவு, 22 கேஜ் எனாமல் காப்பர் ஒயரில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு, சென்டிமீட்டருக்கு மொத்தம் 100 சுற்று வரும்படி எட்டு அடுக்காகச் சுற்றித் தாருங்கள் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். நடுவில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குழாய் இருக்கட்டும், அது இரும்புக் குழாயாக இருக்கக் கூடாது. இந்தக் காயிலில் 2 ஆம்பியர் விட்டால் உள்ளே 25 மில்லிடெஸ்லா புலம் வரும்.

உள்ளே வைக்க 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஈயம் கலந்த அடர் ஃபிளின்ட் கண்ணாடித் தண்டு கிடைத்தால் உத்தமம், சிவப்பு ஒளிக்கு அதன் வெர்டே மாறிலி (புலத்துக்கும் நீளத்துக்கும் எவ்வளவு திருப்பம் என்று சொல்லும் எண்) டெஸ்லா-மீட்டருக்கு 20 ரேடியன் அளவில் இருக்கும். கிடைக்கவில்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இரு முனையிலும் தட்டைக் கண்ணாடி ஒட்டிய குழாயில் தண்ணீர் நிரப்பினாலே போதும், சிவப்பு ஒளிக்கு அதன் மாறிலி 3-க்குச் சற்று மேலே இருப்பதால் திருப்பம் சுமார் ஆறில் ஒரு பங்காகும், மற்றபடி சோதனை அதேதான். தண்ணீரில் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளின்ட் தண்டுக்கான கணக்கு இது: 2 ஆம்பியரில் திருப்பம் கிட்டத்தட்ட 2.9 டிகிரி, கண்ணாலேயே தெரியும். 0.1 ஆம்பியரில் 0.14 டிகிரி, அது ஒரு உலோகப் படலத்தின் முழுக் கெர் திருப்பம் அளவு. 10 மில்லிஆம்பியரில் 0.014 டிகிரி, அது ஃபெம்டோநொடி சோதனையில் உங்களுக்கு வரப்போகும் சிக்னல் அளவு. ஆகவே இலக்கு தெளிவு: 2 ஆம்பியரில் தொடங்கி, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 10 மில்லிஆம்பியரிலும் நேர்கோட்டை விட்டு விலகாமல் அளக்க வேண்டும்.

ஒளியை அளக்கும் விதம்: 650 நானோமீட்டர் சிவப்பு டயோடு லேசர், அதன் முன்னால் ஒரு போலரைசர், அப்புறம் காயில், அதன் பின்னால் 45 டிகிரி திருப்பி வைத்த கனசதுர ஒளிப்பிரிப்பான். அது ஒளியைத் தளவிளைவுப்படி இரண்டாகப் பிரிக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபோட்டோடயோடு, இரண்டின் வேறுபாட்டை எடுங்கள். லேசரின் ஒளி ஏறி இறங்கினால் இரண்டிலும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் வேறுபாட்டில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். தளம் திரும்பினால் மட்டும் ஒன்று கூடி மற்றொன்று குறையும். வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது திருப்பக் கோணத்தின் இருமடங்கு, ரேடியனில். பெரிய ஆய்வகங்களில் வோலஸ்டன் பட்டகத்தை வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

காயிலுக்கு நேர்மின்னோட்டம் கொடுத்தால் 0.1 டிகிரிக்குக் கீழே தடுமாறுவீர்கள். மாறுமின்னோட்டம் கொடுத்து, அதே அதிர்வெண்ணில் மட்டும் சிக்னலைத் தேடும் லாக்-இன் முறைக்கு மாறுங்கள். லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் விலை அதிகம் என்று பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் கொஞ்சம் பைத்தான் நிரலும் இருந்தால் அந்த வேலையை ஓரளவு நன்றாகவே செய்துவிடலாம்: சிக்னலைக் குறிப்பு அலையால் பெருக்கி நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுப்பதுதான் அடிப்படை. அதிர்வெண் 137, 173 என்று ஏதாவது இருக்கட்டும், 50 ஹெர்ட்ஸின் மடங்கு மட்டும் வேண்டாம், இல்லாவிட்டால் டியூப்லைட்டையும் மெயின் லைனையும் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இப்போதுதான் முக்கியமான பாடம் வருகிறது. சிக்னல் வந்ததும் சந்தோஷப்பட்டு வரைபடம் போட ஓடாதீர்கள், ஒளிக்கற்றையை ஒரு அட்டையால் மறையுங்கள். சிக்னல் பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் காயிலின் புலம் நேரடியாக உங்கள் ஒயர்களில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது என்று பொருள். ஒளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒயர்களை முறுக்கிப் போடுங்கள், டயோடுகளைத் தள்ளி வையுங்கள், திரும்பப் பாருங்கள். அடுத்து, பிரிப்பானை எதிர்ப்பக்கம் 45 டிகிரிக்குத் திருப்புங்கள். உண்மையான திருப்பமாக இருந்தால் சிக்னலின் குறி மாறும், பொய்யாக இருந்தால் மாறாது. இந்த இரண்டு சோதனையையும் கை பழகும் வரை செய்யுங்கள். பின்னால் ஃபெம்டோநொடி ஆய்வகத்தில் காந்தப்புலத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்பதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இடையில் ஒரு நிரல்

இணையாகக் கம்ப்யூட்டரில் மூன்று வெப்பநிலை மாதிரியை எழுதிப் பாருங்கள். எலெக்ட்ரான், ஸ்பின், அணிக்கோவை என்று மூன்று தொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை, அவற்றுக்கிடையே ஆற்றல் பாய்வதற்கு மூன்று இணைப்பு மாறிலிகள், எலெக்ட்ரான் தொட்டிக்கு மட்டும் லேசர் ஆற்றல். மூன்று வகைக்கெழுச் சமன்பாடுகள்தான், பைத்தானில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எலெக்ட்ரான் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள், அதை மாறிலியாக வைத்தால் விடை தப்பாக வரும். 1996 குழு தங்கள் அளவீட்டை விளக்க எடுத்த மாதிரியே இது. இதில் கோண உந்தம் எங்கே போகிறது என்பதற்கு இடமே இல்லை என்பதுதான் இதன் பெரிய குறை, அதை நிரப்பத்தான் 2010-இல் பெர்ட் கூப்மன்ஸ் குழு எலெக்ட்ரான் அணிக்கோவையில் மோதும்போது ஸ்பின் புரள்வதைச் சேர்த்து நுண்ணளவு மாதிரியை வெளியிட்டது. முதலில் எளியதை எழுதுங்கள், அது எங்கே தோற்கிறது என்று பார்த்த பிறகு இரண்டாவதுக்குப் போங்கள்.

உண்மையான லேசர் அறைக்குள் போவதற்கு முன்

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நம் ஊர்ப் பட்டறைகளில் தகடு வெட்டும் ஃபைபர் லேசர் சில கிலோவாட் இருக்கும், ஃபெம்டோநொடி ஆம்ப்ளிஃபயரின் சராசரித் திறன் சில வாட்தான், அதைக் கேட்டுவிட்டு ஆபத்து குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 1 மில்லிஜூல் துடிப்பு 40 ஃபெம்டோநொடிக்குள் அடங்கினால் அந்தக் கணத்தின் உச்சத் திறன் 25 ஜிகாவாட். டைட்டானியம்-சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாக மட்டுமே தெரியும், மங்கலாகத் தெரிகிறது என்பதால் இமை தானாக மூடாது, விழித்திரை நிரந்தரமாகப் போய்விடும். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கற்றை போகும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது, கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு குனியுங்கள். அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி அணியாமல் யாராவது "ஒன்னும் ஆகாதுங்க" என்று சொன்னால் அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில கல்லூரிகளில் இப்படி ஓர் ஆய்வகம் அமைக்கலாமா என்ற பேச்சு எழுகிறது. பல்லடம், சோமனூர் மாதிரி விசைத்தறி ஓடும் ஊர்களில் தரை அதிர்வு கட்டடத்துக்குள் வரும், தரைத்தளமும் காற்று மெத்தையில் நிற்கும் ஒளியியல் மேசையும் இல்லாமல் முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கொண்டுவரும் தூசி இன்னும் மோசம்; கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் லேசர் அந்த இடத்தில் பூச்சையே எரித்துவிடும். அறை வெப்பநிலை இரவும் பகலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஏ.சி.யை மாலை அணைத்துவிட்டுக் காலையில் போடும் வழக்கம் இங்கே உதவாது.

சோதனையின் வரிசை

அளக்கப்போகும் காந்தப் படலத்திலிருந்து தொடங்குங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் பாதி நிக்கலில்தான் ஆரம்பிக்கின்றன, நான் புதியவர்களுக்குக் கோபால்ட்-பிளாட்டினம் பல்லடுக்குப் படலத்தையே பரிந்துரைப்பேன். அதில் காந்தமாக்கம் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும், ப்ரோப்பைக் கிட்டத்தட்ட நேராக விழச் செய்தாலே நல்ல கெர் திருப்பம் கிடைக்கும். ஒளி உலோகத்துக்குள் 10 முதல் 20 நானோமீட்டர் ஆழம் வரைதான் போகும், படலம் அதைவிடத் தடிமனாக இருந்தால் மேல்பகுதி சூடாகவும் அடிப்பகுதி குளிராகவும் இருந்து, நீங்கள் அளப்பது எதன் காந்தமாக்கம் என்றே சொல்ல முடியாமல் போகும். மேலே துரு ஏறாமல் இருக்கச் சில நானோமீட்டர் பிளாட்டினம் மூடி, அடியில் சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாக சஃபையர். சஃபையர் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அடுத்த துடிப்பு வருவதற்குள் படலம் ஆறிவிடும்.

லேசரைத் திறப்பதற்கு முன் நிலையான கெர் வளையத்தை அளந்துவிடுங்கள், அதாவது புலத்தை இருபுறமும் மாற்றி ஹிஸ்டரிசிஸ் வளையம். படலம் முழுமையாகக் காந்தமாவதற்கு எவ்வளவு புலம் தேவை என்பது அதில் தெரியும், பம்ப்-ப்ரோப் சோதனையை எப்போதும் அந்தப் புலத்துக்கு மேல் வைத்துச் செய்ய வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் காந்தம் அதே நிலைக்குத் திரும்பி வந்து நிற்கும்.

அப்புறம் ஒளி. 800 நானோமீட்டர் கற்றையைப் பம்பாக வைத்துக்கொண்டு, ஒரு சிறு பங்கை, அதிர்வெண்ணை இருமடங்காக்கும் பிபிஓ (பேரியம் போரேட்) படிகம் வழியாக 400 நானோமீட்டராக்கி ப்ரோப்பாக வையுங்கள். நிறம் வேறாக இருந்தால் சிதறி வரும் பம்ப் ஒளியை ஒரு வடிகட்டியாலேயே தடுத்துவிடலாம், இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சரியாகத் தாமதம் பூஜ்யத்தில் ஒரு பொய்யான கூர்முனையைக் காட்டும். பம்ப் புள்ளி ப்ரோப் புள்ளியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியதாக இருக்கட்டும், ப்ரோப்பின் ஆற்றல் பம்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கட்டும்.

ஆற்றல் அடர்த்தியைக் குறிப்பிடும்போது ஒரு குழப்பம் உண்டு, கட்டுரைகளை ஒப்பிடும்போது இது காலை வாரிவிடும். 1 மைக்ரோஜூல் துடிப்பு, 100 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள புள்ளி என்றால் சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 3.2 மில்லிஜூல். ஆனால் கற்றை காஸியன் வடிவம் என்றால் நடுவில் உள்ள உச்ச மதிப்பு அதில் இருமடங்கு, 6.4. எதைச் சொல்கிறீர்கள், விழுந்ததா உள்வாங்கியதா என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு துடிப்பும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் புதியவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவசரப்படாமல் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் வேகமான ஃபோட்டோடயோடைப் படலம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அலைகாட்டியில் இரண்டு துடிப்பையும் பார்த்தால் நூறு பைக்கோநொடி அளவுக்கு ஒட்டிவிடலாம், அதாவது பாதை நீளத்தில் 3 சென்டிமீட்டர். பிறகு படலத்தை வைத்து, பம்பை சாப்பரால் (ஒளியை விட்டு விட்டு மறைக்கும் சுழல் தட்டு) வெட்டி, எதிரொளிப்பு மாறும் இடத்தை மேடையை நகர்த்தித் தேடுங்கள். காந்தத்தைத் தேடுவதை விட எதிரொளிப்பைத் தேடுவது எளிது, அது பெரிய சிக்னல், காந்தப்புலமும் தேவையில்லை.

அது கிடைத்ததும் ஒவ்வொரு தாமதத்திலும் புலம் மேல்நோக்கி இருக்கும்போது ஒருமுறை, கீழ்நோக்கி இருக்கும்போது ஒருமுறை அளந்து, வேறுபாட்டில் பாதியைக் காந்தச் சிக்னலாகவும் கூட்டலில் பாதியைக் காந்தமற்றதாகவும் எடுங்கள். காந்தமற்றதைத் தூக்கிப் போட வேண்டாம், எலெக்ட்ரானும் அணிக்கோவையும் எப்படி ஆறுகின்றன என்பது அதில் இருக்கிறது.

முதல் அரை பைக்கோநொடியை நம்பாதீர்கள்

வரைபடத்தில் காந்தச் சிக்னல் 200 ஃபெம்டோநொடியில் சரிந்து, பைக்கோநொடிகளில் மெல்ல ஏறி வரும். அழகாக இருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கெர் திருப்பம் என்பது காந்தமாக்கத்தை ஓர் ஒளியியல் எண்ணால் பெருக்கி வருவது, பம்ப் அடித்த உடனே எலெக்ட்ரான்கள் ஆற்றல் மட்டங்களில் இடம் மாறிவிடுவதால் அந்த எண்ணும் மாறும். காந்தமாக்கம் துளிகூடக் குறையாமலே கெர் திருப்பம் குறையக்கூடும். இதே நிக்கலில் கெர் திருப்பத்தையும் நீள்வட்டத்தன்மையையும் (நேர்கோட்டில் அதிர்ந்த ஒளி எவ்வளவு நீள்வட்டமாகிறது என்பது) தனித்தனியே அளந்து, முதல் சில நூறு ஃபெம்டோநொடிகளில் இரண்டும் வேறு வேறு மாதிரி ஓடுகின்றன என்று 2000-இல் கூப்மன்ஸ் குழு காட்டியது. இரண்டுமே காந்தமாக்கத்தை மட்டும் காட்டுவதாக இருந்தால் ஒன்றாகத்தானே ஓடியிருக்க வேண்டும்?

அதனால் நீங்களும் ப்ரோப் பாதையில் கால்-அலைத் தகடு ஒன்றை வைத்து நீள்வட்டத்தன்மையை அளந்துவிடுங்கள். இரண்டு வளைவையும் நீண்ட தாமதத்தில் ஒன்றாகப் பொருத்தி, ஒன்றன் மேல் ஒன்று வரையுங்கள். அவை ஒட்டி ஓடும் பகுதியில் காந்தமாக்கம் என்ற சொல்லைத் தைரியமாகப் பயன்படுத்தலாம், விலகும் பகுதியில் கெர் சிக்னல் என்று மட்டும் எழுதுங்கள். பல மாணவர்கள் இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். பம்ப் ஆற்றலைப் பாதியாக்கி, கால்பங்காக்கி, சிக்னல் அதே விகிதத்தில் குறைகிறதா என்றும் பாருங்கள். பம்பை முற்றிலும் மறைத்து ஒரு முழு ஸ்கேன் எடுங்கள், அது தட்டையாக இருக்க வேண்டும்.

இதற்கு மேலே

ஒரே படலத்தில் இரும்பும் நிக்கலும் கலந்திருந்தால் சாதாரண ஒளி இரண்டையும் பிரித்துக் காட்டாது. அங்கேதான் கடுமையான லேசருக்கு இரண்டாவது வேலை வருகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 10-இன் 14-ஆம் அடுக்கு வாட் செறிவில் நியான் போன்ற வாயுவில் துடிப்பைக் குவித்தால், அந்த ஒளியின் பல மடங்கு அதிர்வெண்ணில் அதிபுறஊதாக் கதிர் பிறக்கும். இரும்புக்கு 53, கோபால்ட்டுக்கு 60, நிக்கலுக்கு 67 எலெக்ட்ரான்வோல்ட் அளவில் தனித்தனி உறிஞ்சு விளிம்புகள் உண்டு, ஆகவே தனிமம் தனிமமாகப் பார்க்கலாம். உயர் ஒத்திசைவு ஒளி எனப்படும் இதை ஒட்டி, ஆட்டோநொடித் (ஃபெம்டோநொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துடிப்புகளை உண்டாக்கும் சோதனை முறைகளுக்காகத்தான் 2023-இல் அகோஸ்தினி, கிராவுஸ், ஆன் லூலியே மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கடுமையான துடிப்பையே சாத்தியமாக்கிய, துடிப்பை நீட்டிப் பெருக்கிச் சுருக்கும் முறைக்கு 2018-இல் டொனா ஸ்ட்ரிக்லண்டும் மூரூவும் பெற்றார்கள். 2019-இல் நிக்கல்-பிளாட்டினப் பல்லடுக்கில், அணுவிலிருந்து அணுவுக்கு ஸ்பின்னையும் சேர்த்து எலெக்ட்ரான் தாவுவதால் சில ஃபெம்டோநொடியிலேயே காந்தத் திருப்புத்திறன் மாறுவதைப் பார்த்துவிட்டார்கள்.

எக்ஸ்-கதிர் வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட், ஜெர்மனியின் ஹாம்பர்க், இத்தாலியின் திரியெஸ்தே ஆகிய இடங்களில் உள்ள கட்டற்ற எலெக்ட்ரான் லேசர்களுக்குப் போக வேண்டும். நம் சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் ஞாபகம் இருக்கட்டும், அந்தக் கனிமம் சுமார் 120 கெல்வினுக்குக் கீழே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, லேசர் துடிப்பு பட்டால் ஓரிரு பைக்கோநொடியில் கடத்தத் தொடங்குகிறது என்று 2013-இல் ஸ்டான்ஃபோர்டில்தான் அளந்தார்கள். லேசரால் காந்தத்தின் திசையையே புரட்டுவது இன்னொரு கிளை, கடோலினியம்-இரும்பு-கோபால்ட் படலத்தில் 40 ஃபெம்டோநொடி வட்டத் தளவிளைவு ஒளியால் 2007-இல் நெதர்லாந்தின் நைமெகன் குழு அதைச் செய்துகாட்டியது.

எங்கே சேர்வது

இந்தியாவுக்குள் பார்த்தால், கொல்கத்தாவின் எஸ்.என்.போஸ் மையத்தில் அஞ்சன் பர்மன் குழு நேரப் பகுப்புக் கெர் அளவீட்டில் நீண்ட காலமாக இயங்குகிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மிகக் கடுமையான லேசர்கள் உண்டு. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் லேசர்களும், 2.5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானும் இருக்கின்றன. சிங்க்ரோட்ரானின் துடிப்புகள் ஃபெம்டோநொடி வேலைக்கு மிக நீளமானவை, ஆனாலும் படலத்தின் நிலையான காந்தப் பண்புகளைத் தனிமவாரியாக அறிய அது பெரிய உதவி. அதே ஊரில் உள்ள யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் நோக்கமே பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இத்தகைய வசதிகளைத் திறந்துவிடுவதுதான், உங்கள் துறைத்தலைவர் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பி.எச்டி.க்கு ஜெஸ்ட், கேட், சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வுகள். அதற்கு முன்பே, அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.எஸ்ஸி. முதலாண்டிலேயே விண்ணப்பித்து, ஒரு லேசர் ஆய்வகத்தில் சில வாரம் இருந்துவிட்டு வாருங்கள். நமக்குப் பிடித்த வேலையா என்று அப்போதே தெரிந்துவிடும், இருட்டறையில் பத்து மணி நேரம் நிற்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது "உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது" என்ற வரியை விட்டுவிடுங்கள், அது எல்லோரும் எழுதுவது. காயிலில் ஓடிய மின்னோட்டத்தையும் அளந்த திருப்பத்தையும் காட்டும் ஒரே ஒரு வரைபடம் இணையுங்கள், ஒளியை மறைத்து எடுத்த அளவீட்டையும் அதே படத்தில் போட்டு, எத்தனை மில்லிஆம்பியருக்குக் கீழே உங்கள் சிக்னல் இரைச்சலில் மூழ்குகிறது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.